மொய் நோட்டுக்கு ஏ கிரேடு

கப்பலூர் சிட்கோவில் கார்களுக்குக் கசிவை அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். போன ஆவணியில் ஜெர்மனியிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வந்தார். ஸ்டுட்கார்ட் பக்கம். வி.டி.ஏ. 6.3 என்று ஜெர்மன் கார் கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் தர ஆடிட். ஒவ்வொரு கேள்விக்கும் 10, 8, 6, 4, 0 என்றுதான் மார்க். நடுவில் பேரம் கிடையாது. மொத்தத்தில் 90 சதவீதம் எடுத்தால் ஏ, 80 எடுத்தால் பி, அதற்கும் கீழே போனால் சி. சி வாங்கினால் முதலாளி முகத்தில் முழிக்க முடியாது.

ஏர்போர்ட்டிலிருந்து மண்டேலா நகர் வந்து ரிங் ரோட்டில் திரும்பியதுமே ஆரம்பித்துவிட்டார். பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றில் கூலிங்கிளாஸ் போட்ட கைக்குழந்தை சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தது. கீழே வரிசை வரிசையாகக் கைகூப்பிய மீசைகள். "எலெக்‌ஷனா?" என்றார்.

டிரைவர் அண்ணன் எனக்கு முன்னால் முந்திக்கொண்டார். "இல்ல சார், காதுகுத்து."

இரண்டு காதுக்கு இத்தனை ஆள் எதற்கு என்று கேட்டார். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஒரே அளவுக்கு நொண்டும் என்பதால் எங்களுக்குள் எல்லாம் நன்றாகவே புரிந்தது. இதை மட்டும் விளக்க முடியவில்லை.

மறுநாள் கம்பெனிக்குள் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். பேக்கிங் பெட்டிக்குள் கையை விட்டு ஒரே ஒரு சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இது எந்த அச்சில் அடித்தது, ரப்பரை எந்த நாள் கலந்தது, கார்பன் பிளாக்கை எடை போட்டது யார்? காகிதத்தில் காட்டு. பேட்ச் கார்டு ஸ்டோர் ரூமில்தான் இருந்தது, ஸ்டோர் ரூம் சாவிதான் டீ குடிக்கப் போயிருந்தது. சாவி வந்து, பண்டலைப் பிரித்து, கார்டைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் வாட்சை நாலு தரம் பார்த்துவிட்டார். போட்டது 4.

சாயங்காலம் விளக்குத்தூணுக்குக் கூட்டிப்போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தோம். மனுஷன் குடிக்காமல் கடல்பாசியைக் கரண்டியில் எடுத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டரில் இது பதிவாகவே ஆகாது என்றார். ரப்பர்காரன் எங்கே போனாலும் ரப்பர்காரன்தான். ராத்திரி ரூமில் தூங்க முடியவில்லை, பக்கத்தில் யாரோ தகரப் பட்டறை வைத்திருக்கிறார்கள் என்று போன் செய்தார். கொத்து பரோட்டா என்று சொன்னேன். ஒரு பிளேட் மேலே அனுப்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வீட்டு விசேஷம். பையனுக்குக் காதணி விழா. உசிலம்பட்டி ரோட்டில் ஒரு மண்டபம். 'சாரையும் கூட்டிட்டு வாண்ணே' என்று சொல்லியிருந்தார். ஃபிளெக்ஸ் ரகசியம் தெரியப்போகிறது என்று அவரும் கிளம்பிவிட்டார்.

நாங்கள் போய் இறங்கவும் தாய்மாமன் சீர் வரவும் சரியாக இருந்தது. முன்னால் கொட்டு, வேட்டு; பின்னால் பழத்தட்டு, பட்டு, மாலை போட்ட இரண்டு கிடாய். மாமன் மடியில் பையனை உட்காரவைத்துக் காது குத்தியபோது பையன் போட்ட சத்தத்துக்கு ஜெர்மன்காரர்தான் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் இலை. கறிக்குழம்பு, குடல், ரசம். குடல் என்னவென்று கேட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன்.

கை கழுவிவிட்டு வந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மொய் டேபிள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிச் சத்தமாகச் சொல்கிறார். இன்னொருவர் நோட்டில் ஊர், பேர், தொகை என்று எழுதுகிறார். பக்கத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறான். மைக்கில் அதையே ஊருக்கெல்லாம் வாசிக்கிறார்கள். ஒரே தொகையை நாலு பேர் சரிபார்க்கிறார்கள்!

அவருக்குள் இருந்த ஆடிட்டர் முழித்துக்கொண்டார். நோட்டில் கண்ணை மூடி ஒரு வரியில் விரலை வைத்து, "இவர் எதற்காக இவ்வளவு கொடுத்தார்?" என்றார்.

நோட்டுக்குப் பொறுப்பு சூப்பர்வைசரின் பெரியப்பா. மடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து எச்சில் தொட்டு நாலு தாள் புரட்டினார். "செக்கானூரணி. 2009-ல இவுக மூத்தவனுக்குக் காதுகுத்து. நாம செஞ்சது 500. இப்ப 1,001 வந்திருக்கு. கணக்கு நேரு."

எங்கள் ஆடிட்டர் வாட்சைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்தார். நான் கிடாயைப் பார்த்தேன்.

அடுத்த கேள்வி. "இந்த நோட்டு தொலைந்துபோனால்?"

பெரியப்பா சிரித்துவிட்டுப் பந்தியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்தா, இங்கிட்டு வா." பெரியம்மா வந்தார். "நம்ம மூத்தவ கல்யாணத்துக்கு எழுமலைக்காரக என்ன செஞ்சாக?" அந்தம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொகையைச் சொல்லி, அதோடு எந்தக் கலர் சேலை, அதில் எந்த இடத்தில் இழை விட்டிருந்தது என்பது வரைக்கும் சொன்னார். முகத்தில் இன்னும் கோபம் ஆறவில்லை.

"பேக்கப்," என்றார் ஜெர்மன்காரர், மெதுவாக.

பதிவேடுகளை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டதற்கும் பெரியப்பாவிடம் பதில் இருந்தது. "நான் செத்தா எம் மகன் வச்சிருப்பான். வாங்குனது வாங்குனதுதான தம்பி?"

பிறகு தானும் செய்வேன் என்று ஜெர்மன்காரர் பர்ஸை எடுத்தார். 500 போதும் என்றார்கள். 501-ஆகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு ரூபாய்க்காக என்னிடம் கடன் வாங்கினார். இன்னும் தரவில்லை, எழுதி வைத்திருக்கிறேன். ஊர் என்ற இடத்தில் எழுதுகிறவர் தடுமாறி 'டுட்காடு' என்று போட, மைக்காரர் அது செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏதோ கிராமம் போல வாசித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை எங்களுக்கு பி. முதலாளிக்குத் திருப்தி. ஜெர்மன்காரர் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெரியவரை ஸ்டோர் ரூமுக்குப் போட முடியாதா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், போன வாரம் அவரிடமிருந்து மெயில். மகளுக்குக் கல்யாணமாம், எல்லோரையும் விசாரித்திருந்தார். சூப்பர்வைசரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்லை. 501 வாங்கியிருக்கிறது, 1,001-ஆவது செய்ய வேண்டாமா?

வங்கிக்கு நானும் கூடப் போனேன். அனுப்புகிற கட்டணமே தொகையைவிடக் கூட வரும் என்று கவுன்டரில் இருந்த தங்கச்சி எடுத்துச் சொல்லிப் பார்த்தது. கேட்கிற ஆளா? ஃபாரத்தை வாங்கிக்கொண்டார். பணம் அனுப்பும் காரணம் என்ற இடத்தில் 'பரிசு' என்று எழுதச் சொன்னது அந்தப் பிள்ளை.

"பரிசா? அதெல்லாம் வேணாந்தங்கச்சி," என்று பேனாவை மூடிவிட்டார் சூப்பர்வைசர். "பரிசுன்னு போட்டா திரும்பி வராது. ரெண்டாவது பையனுக்கு வர்ற தையில காதுகுத்து வச்சிருக்கேன்."