குடம் நிறைய எத்தனை நிமிடம்? – கோத்தகிரி நாட்குறிப்பு

பிப்ரவரி 9

நிதியுதவி கேட்கும் திட்ட முன்மொழிவை முதல்முறையாக நானே எழுதுகிறேன். 'குறிக்கோள்கள்' என்ற இடத்தில் "சோலைக்காட்டைப் பாதுகாத்தல், நீர்வளத்தை மேம்படுத்துதல், விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" என்று நிரப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

பிப்ரவரி 10

எங்கள் குழுவில் கணக்கு பார்க்கும் அக்கா படித்தார். "ஊர்ப்பெயரை மாற்றினால் கொடைக்கானலுக்கும் இதையே அனுப்பலாம்" என்றார். கோபம் வந்தது. மறுபடி படித்தபோது போய்விட்டது. எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்று ஒரு வரிகூட இல்லை. விழிப்புணர்வை முதலில் அடித்தேன். அதை எந்தப் படியால் அளப்பது?

பிப்ரவரி 12

விடிந்ததும் ஊற்றுக்குப் போனோம். உறைபனி விழுந்த புல் காலடியில் நொறுங்கியது. 15 லிட்டர் குடத்தை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று முறை பிடித்தோம். ஏறத்தாழ 2 நிமிடம் 40 வினாடி. நீர்வளத்தை மேம்படுத்தப் புறப்பட்டவனுக்கு இருக்கும் நீர் எவ்வளவு என்பதே இன்றுதான் தெரிந்தது.

வரிசையில் நின்ற பாட்டியிடம், "மூன்று வருடத்தில் ஒரே நிமிடத்தில் நிறையும் என்று எழுதட்டுமா?" என்றேன்.

"மழையை நீயா கொண்டுவரப் போகிறாய், கண்ணு?"

பிப்ரவரி 13

ஊற்று பெருகுவது எங்கள் இலக்கு. அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஊற்றுக்கு மேலே அரை ஏக்கரில் மண்டிக்கிடக்கும் சீகை மரங்களை (வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) அகற்ற முடியும், அதுவும் அனுமதி கிடைத்த பிறகு. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. கால அட்டவணை அந்த அனுமதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்டினாலும் தீராது. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக்கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். ஒரு வருடத் திட்டம் என்று எழுதியிருந்தால் அது பொய்.

பிப்ரவரி 15

குறிக்கோள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 'ஸ்மார்ட்' (SMART) என்று எல்லாரும் ஒப்பிக்கும் ஐந்தெழுத்தை 1981-ல் முன்வைத்தவர் ஜார்ஜ் டோரன். அதன் நடு எழுத்தான A-வை இன்று 'அடையக்கூடியது' என்கிறார்கள். அவர் எழுதியது 'யார் பொறுப்பு' என்பது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. முளையைப் பிடுங்கப்போவது யார் என்று எழுதாத திட்டத்தில் யாரும் பிடுங்க மாட்டார்கள்.

பிப்ரவரி 17

'400 கன்றுகள் நடுவோம்' என்பதையும் அடித்தேன். நடுவது வேலை, பிழைப்பதல்லவா பலன்! இப்போது இப்படி இருக்கிறது: "மூன்றாம் ஆண்டு மார்ச் முடிவில், நட்ட 400 சோலைக் கன்றுகளில் குறைந்தது 280 உயிரோடு இருக்கும், முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு சீகையும் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளிர் குழு எண்ணிப் பதிவு செய்யும்."

"280 எங்கிருந்து வந்தது?" என்றார் அக்கா. பழைய நோட்டைக் காட்டினேன்: சென்றமுறை நட்ட 120-ல் 86 பிழைத்திருந்தன. தலையாட்டிவிட்டு வரவுசெலவுப் பக்கத்துக்குப் போனார்.

ஊற்றின் அளவை மாதந்தோறும் குறிப்போம் என்று மட்டும் சேர்த்தேன். அதற்கு இலக்கு எண் தரவில்லை.

பிப்ரவரி 20

அனுப்பியாயிற்று. காலையில் மறுபடி குடம் பிடித்தேன். 2 நிமிடம் 50 வினாடி.