முடிவடையவிருந்த பரீட்சைக்குப் படித்த காலம்

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது நான் டிசெம்பரில் நடக்கவிருந்த சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பரீட்சையை எழுதாமலேயே வன்னிக்கும், பின்னர் கனடாவுக்கும் வந்து சேர்ந்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தபோது, மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோ அதற்கு இணையானதோ வேண்டும் என்றார்கள். அந்த இணைச் சான்றிதழுக்கு நெடுங்காலமாக இங்கிருந்த வழி ஜி.ஈ.டி. பரீட்சை. நான் அதற்குப் படிக்கத் தொடங்கியபோதே, 2024 மே மாதத்துடன் கனடாவில் அது நிறுத்தப்படும் என்ற செய்தியும் வந்துவிட்டது.

அமெரிக்காவில் 2014இலேயே இந்தப் பரீட்சை கணினிக்கு மாறிவிட்டது. கனடாவில் 2002ஆம் ஆண்டுப் பதிப்பே, பெரும்பாலும் தாளும் பென்சிலுமாகத் தொடர்ந்தது. அதை நடத்திய அமெரிக்க நிறுவனம் விலகிக்கொண்டதால், அதன் இடத்தில் 'கனேடிய வயதுவந்தோர் கல்விச் சான்றிதழ்' என்ற புதிய பரீட்சை வந்தது; மாகாணத்துக்கு மாகாணம் அது தொடங்கிய காலம் வேறுபட்டது. மொழி எழுத்து, வாசிப்பு, சமூகக்கல்வி, விஞ்ஞானம், கணிதம் ஆகிய ஐந்து பாடங்களிலும் தலா 450 புள்ளி பெற வேண்டும் என்பதே பழைய முறை. சில பாடங்களில் மட்டும் பெற்ற புள்ளிகள் புதிய பரீட்சைக்குச் செல்லுபடியாகும் என்று நம்பியிருக்கக் கூடாது எனக் கருதி, ஐந்தையும் மே மாதத்துக்கு முன்னரே முடிப்பதென்று தீர்மானித்தேன்.

எனக்குக் கடினமாக இருந்தது ஆங்கிலத்தை விட, நாங்கள் ஊரில் பழகிய படிப்பு முறைதான். குறிப்பை மனனம் செய்து ஒப்புவிக்கும் பழக்கம் இங்கே உதவவில்லை. சமூகக்கல்வித் தாளில் ஒரு கேலிச்சித்திரத்தைத் தந்து, வரைந்தவர் எதைக் குறைகூறுகிறார் என்று கேட்பார்கள். விஞ்ஞானத் தாளில் ஒரு வரைபடத்தைத் தந்து, அதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எதற்கு வர முடியாது என்று கேட்பார்கள். விடை பெரும்பாலும் கண்முன்னே இருக்கும், அதைப் பொறுமையாக வாசித்துக் கண்டுபிடிப்பதே வேலை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகு, மால்வேர்ன் நூலகத்தில் நாளிதழ்களின் தலையங்கத்தை வாசித்து, அதன் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பழகினேன். வாசிப்பு, சமூகக்கல்வி, விஞ்ஞானம் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே பயிற்சி கைகொடுத்தது.

கணிதத்தில் முதற்பாதிக்கு மட்டுமே கணிப்பான் தந்தார்கள்; இரண்டாம் பாதியில் சதவீதமும் பின்னமும் கையால் செய்ய வேண்டியிருந்தமை, வாய்ப்பாடு மறக்காத எங்களுக்கு ஓர் அனுகூலம். கட்டுரைக்கு 45 நிமிடங்கள் தந்தார்கள். அதில் தவறினால் எழுத்துப் பாடம் முழுவதையும் மறுபடியும் எழுத வேண்டியிருந்ததால், கட்டுரைப் பயிற்சியைக் கடைசிக்குத் தள்ளுவது ஆபத்தாக இருந்தது. கருத்து, இரண்டு காரணங்கள், காரணத்துக்கொரு உதாரணம் என்று வரைவைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்ட பின்னரே எழுதத் தொடங்குவேன்.

என் தம்பியின் மனைவி இப்போது புதிய பரீட்சைக்குப் படிக்கிறாள். "அண்ணி, பழைய புத்தகங்களை எறிந்துவிடட்டுமா?" என்று கேட்டாள். எறிய வேண்டாம் என்றேன். பாடங்கள் அதே ஐந்துதான். பந்தியை வாசித்து முடிவு காணும் திறனும், பின்னமும், வாக்கிய இலக்கணமும் எந்தப் பதிப்பிலும் மாறுவதில்லை. ஆனால் புதிய பரீட்சை கனடாவுக்கென்றே அமைக்கப்பட்டதால், முதற்குடி மக்களின் வரலாற்றையும் கனடாவின் ஆட்சி முறையையும் தனியாகப் படிக்கச் சொன்னேன். கணினியில் எழுதும் வாய்ப்பு அதிகம் என்பதால் தட்டச்சுப் பயிற்சியும் செய்கிறாள். மனதில் நல்ல கருத்து இருந்தும் விரல் தேடி எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடக் கூடாது.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஆவணங்களில் தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலிலும் இன்னோரிடத்தில் கடைசியிலும் நிற்கும். பரீட்சைக்குக் காட்டும் அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் எழுதினால், சான்றிதழைப் பின்னர் வேலையிடத்திலோ கல்லூரியிலோ காட்டும்போது விளக்கம் சொல்ல வேண்டி வராது.