ஊருக்குப் போய்விட்டு வந்தால் கதவு சாத்தியிருக்கும்

பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, தன் தங்கச்சி கல்யாணத்துக்காக டிசம்பரில் டல்லாஸிலிருந்து பெங்களூர் வந்தான். அல்சூரில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, மறுவீடும் முடிந்தது, இவன் மட்டும் ஜனவரி டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு அம்மா வீட்டு ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறான். விசா ஸ்டாம்பிங்குக்கு வாங்கி வைத்திருந்த ஸ்லாட்டை ஒரே மெயிலில் மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். எச்1பி (வேலை விசா), எச்4 (அவர்கள் குடும்பத்துக்கான விசா) கேட்பவர்களின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் இனி துருவிப் பார்ப்போம் என்று 2025 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஊருக்கு வந்திருந்த ஏகப்பட்ட பேர் இப்படி மாட்டிக்கொண்டார்கள்.

இந்த ஸ்டாம்பிங் சமாச்சாரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். அங்கே வேலை பார்க்க அனுமதி ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா இன்னொன்று. அனுமதியை அங்கே இருந்துகொண்டே நீட்டிக்கலாம். விசா தேதி முடிந்திருந்தாலும் உள்ளே இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால்தான் வினை, புது விசா ஒட்டாமல் திரும்ப நுழைய முடியாது. அதாவது வேலை இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, கார் ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது, கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆள் அல்சூரில். அவனுடைய ஆறு வயது மகள் அங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட். அந்த வீட்டில் நாளைக்கே விமானம் ஏறக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

கல்யாண வீட்டில் மாமாக்கள் எல்லாரும் ஒரே குரலில் "எல்லாம் டிரம்ப் பண்ற வேலை" என்றார்கள். அந்த ஆள் பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. குடியேறுபவர்களைத் தடுக்கும் சட்டம் என்றால் புதிதாக வருபவரை வாசலில் நிறுத்துவது என்றுதான் நாம் நினைக்கிறோம். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், ஏற்கெனவே அங்கே போய்ப் பாடுபட்டு ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர் சொந்த ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார் பாருங்கள், அவர் கழுத்தில்தான் அந்தக் கத்தி பலமுறை முதலில் விழுந்திருக்கிறது.

சே சான் பிங் என்று ஒரு சீனத் தொழிலாளி. 1875லிருந்து சான் பிரான்சிஸ்கோவில் இருந்தவர். 1882ல் அமெரிக்கா சீனர் விலக்குச் சட்டம் கொண்டுவந்தது, சீனத் தொழிலாளர்கள் 10 வருஷத்துக்கு உள்ளே வரக்கூடாது என்று. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மட்டும் ஊருக்குப் போய்வரலாம், அதற்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். இவரும் முறையாக அதை வாங்கிக்கொண்டு 1887ல் சீனா போனார். அடுத்த வருஷம் செப்டம்பரில் ஹாங்காங்கில் கப்பல் ஏறினார். கப்பல் நடுக்கடலில் வந்துகொண்டிருக்கும்போது, 1888 அக்டோபர் 1ஆம் தேதி, ஸ்காட் சட்டத்தில் ஜனாதிபதி கிளீவ்லாண்ட் கையெழுத்துப் போட்டார். கொடுத்த சான்றிதழ்கள் எல்லாம் அன்றோடு செல்லாது. சுமார் 20,000 பேர் அந்தக் காகிதத்தை நம்பி வெளியே போயிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து சே சான் பிங் துறைமுகத்தில் வந்து நின்றபோது சான்றிதழைக் காட்டினார், இது இப்போது வெறும் காகிதம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889ல் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுக்காரர் யாரை உள்ளே விடுவது என்பது அரசின் இஷ்டம், கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு போட்டுக்கொடுத்த பாதையில்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இன்றுவரை நடக்கிறது.

இப்போது 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள். எச்1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஒரு பிரகடனம், ஞாயிறு அதிகாலையிலிருந்து அமல். யாருக்குப் பொருந்தும் என்று தெளிவாக இல்லை, வெளியே இருப்பவர்கள் உடனே திரும்பி வாருங்கள் என்று பெரிய கம்பெனிகள் மெயில் அனுப்பின. அதே சான் பிரான்சிஸ்கோவில் துபாய்க்குக் கிளம்பத் தயாராக இருந்த விமானத்திலிருந்து ஆட்கள் பாதியில் எழுந்து இறங்கிப் போனார்கள். புது மனுக்களுக்கு மட்டும்தான் என்று மறுநாள் விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேர் கடன் வாங்கி ஒன்வே டிக்கெட் எடுத்திருப்பார்கள்! 137 வருஷம் முன்னால் கப்பலில் இருந்தவருக்குச் செய்தி தெரியாது, இவர்களுக்குப் போனில் தெரிந்துவிட்டது, வித்தியாசம் அவ்வளவுதான்.

சீனர்களுக்கு நடந்ததோடு நிற்கவில்லை. 1892ல் கியரி சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர்கள் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும், இல்லாமல் பிடிபட்டால் நாடு கடத்தல். சான்றிதழ் வாங்க முடியாமல் போனவர் நான் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு வெள்ளைக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். வாங்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மறுத்துப் பார்த்தார்கள், 1893ல் நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

சரி, நம்மவர்கள் கதைக்கு வருவோம். 1917ல் ஆசியாவின் பெரும்பகுதியை ஒரு கோடு போட்டு வளைத்து, சில விதிவிலக்குகள் தவிர இதற்குள் இருப்பவர் யாரும் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள், இந்தியா முழுசாக அதற்குள். அதற்கு முன்னால் கலிபோர்னியா வயல்களுக்குப் போய்ச் சேர்ந்த பஞ்சாபிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பெண்டாட்டியைக் கூட்டிவர முடியாது, பார்க்க ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. பலர் இம்பீரியல் பள்ளத்தாக்குப் பக்கம் மெக்சிகப் பெண்களைக் கட்டிக்கொண்டு புதுக் குடும்பம் வைத்தார்கள், ஊரில் இருந்தவள் காத்துக்கொண்டே இருந்தாள்.

1923ல் பகத் சிங் திண்ட் வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் குடியுரிமை என்ற சட்டம் இருந்ததால், நான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடினார். சாதியைக் கப்பலேற்றி வாஷிங்டன் வரை கொண்டுபோன சாமர்த்தியம் நமக்குத்தான் வரும். சாதாரண அமெரிக்கன் கண்ணுக்கு நீ வெள்ளையன் இல்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. இந்தியர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்த குடியுரிமையையும் அதன் பிறகு பறிக்க ஆரம்பித்தார்கள்.

அப்படிப் பறிகொடுத்தவர் வைஷ்ணோ தாஸ் பகாய். 1915ல் பெஷாவரிலிருந்து மனைவி கலா, மூன்று பையன்களோடு போனவர். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்தார், 1921ல் குடியுரிமையும் கிடைத்தது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதை உதறிவிட்டுத்தான் அதை வாங்கினார். அது போனதும், குடிமகன் ஆக முடியாதவர்கள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியாச் சட்டத்தால் சொத்தும் போயிற்று. உறவினர்களைப் பார்க்க இந்தியா வர நினைத்தபோது அமெரிக்க பாஸ்போர்ட் தர மறுத்து, வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போ என்றார்கள். எந்த ஆட்சி வேண்டாமென்று வந்தாரோ அதே ஆட்சியின் பாஸ்போர்ட். 1928ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். காரணத்தைப் பத்திரிகைக்கே கடிதமாக எழுதி வைத்திருந்தார். கலா அம்மா பையன்களை வளர்த்து ஆளாக்கினார், பிற்காலத்தில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். பெர்க்லியில் இன்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அந்த ஊரில்தான் வாங்கிய வீட்டுக்குள் குடும்பத்தை நுழைய விடாமல் அக்கம்பக்கத்தார் பூட்டி வைத்தார்கள்.

1946ல் மனசு இறங்கி இந்தியர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றார்கள், வருஷத்துக்கு 100 பேர் வரலாம் என்றும். பாகிஸ்தான் பிரியாத மொத்த இந்தியாவுக்கும் 100. 1965ல்தான் இந்த நாட்டுவாரிக் கோட்டா ஒழிந்து, நமக்குத் தெரிந்த டாக்டர், எஞ்சினியர் அலை கிளம்பியது.

அப்புறம் 1990 சட்டம். வேலை அடிப்படையில் வருஷத்துக்கு 1,40,000 கிரீன் கார்டு (அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி), எந்த நாட்டில் பிறந்தவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! 2012, 2013ல் வரிசையில் நின்ற இந்திய எஞ்சினியர்களின் முறை 2025ல்தான் வந்துகொண்டிருந்தது. இதில் குடியுரிமை பேச்சே இல்லை, பிறந்த ஊர்தான் கணக்கு. என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அப்பா வேலையால் குவைத்தில் பிறந்தவர். தமிழ் பேசுகிறார், இந்திய பாஸ்போர்ட், ஆனால் குவைத் வரிசை, சீக்கிரமே கார்டு கைக்கு வந்துவிட்டது. மனைவி பிறந்த நாட்டு வரிசையிலும் சேர்ந்துகொள்ளலாம் என்று தம்பி சொன்னதைக் கேட்டு பெரியம்மா, "இத முன்னாடியே சொல்லக்கூடாதா, சிங்கப்பூர்ல பொறந்த பொண்ணா பாத்திருப்பேனே" என்றார். மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள்.

வரிசை நீளும் வரை எச்1பி நீட்டிப்பு, நீட்டிப்புக்கு ஒரு ஸ்டாம்பிங், ஒவ்வொரு ஸ்டாம்பிங்குக்கும் இந்த வயிற்றெரிச்சல். பெற்றோரோடு சின்ன வயதில் போன பிள்ளைகள் 21 வயது ஆனதும் வரிசையிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள். பெரியப்பா இறந்தபோது தம்பி வரவில்லை என்று சொந்தக்காரர்கள் இன்றும் குத்திக் காட்டுகிறார்கள். அப்போது அவன் விசா காலாவதி ஆகியிருந்தது. வந்திருந்தால் வேலை போயிருக்கும். கொள்ளி வைக்க சித்தப்பா மகன்தான் நின்றான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் புத்தி என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் 1948ல் இலங்கை, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டு இல்லாமல் ஆக்கியது. மறுபடி கேட்கலாம் என்று 1949ல் இன்னொரு சட்டம் வந்தது, அதில் இத்தனை வருஷம் தொடர்ச்சியாக இலங்கையில் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. இடையில் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்தது! பெரும்பாலான விண்ணப்பங்களைத் தள்ளிவிட்டார்கள். 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதி நம் கர்நாடகத்திலேயே, புத்தூர், சுள்ளியா ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. பிற்பாடு போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்களை 2019ல் நாம் போட்ட குடியுரிமைத் திருத்தச் சட்டம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் தம்பியைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்காக அழாத ஆளில்லை. அதே குரூப்பில் அதே வாரம், வீட்டு வேலைக்கு வரும் வங்காளப் பெண்களின் பேப்பரைச் சரிபாருங்கள், பங்களாதேஷாக இருக்கலாம் என்று ஒரு செய்தி. எங்கள் மாடிக்கு வரும் அம்மா மால்டாக்காரர், மேற்கு வங்காளம். ஆதார் காட்டினார், வோட்டர் ஐடி காட்டினார். போதாதாம், ஃபிளாட் ஓனர் ஒருவர் உத்தரவாதம் எழுதித் தரவேண்டுமாம். 1892ல் ஒரு வெள்ளைக்காரர் சாட்சி கேட்டார்களே, அதைக் குரூப்பில் எழுதினேன். "அது வேற, இது வேற சார்" என்று நாலு பேர் சொன்னார்கள். என்ன வேற என்று கேட்டேன். பதில் வரவில்லை, உத்தரவாதக் கடிதத்தை நானே எழுதி செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டேன், அந்த அம்மா திங்கட்கிழமையிலிருந்து வருகிறார்.