பள்ளிக்கூடம் திறக்கும் முன் வரும் அம்மாக்கள்

மே மாதம் பிறந்தாலே எங்கள் அலுவலகத்துக்கு அம்மாக்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எனக்குக் களப்பணி. "மேடம், இவளை ஏதாவது ஹோம்ல சேர்த்துவிடுங்க, மூணு வேளை சோறாவது கிடைக்கும்" என்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பாசம் இல்லாமல் இல்லை. கணவர் இறந்திருப்பார், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பார். குழுக் கடனுக்கு வாரத் தவணை, விடிந்ததும் மில் வேன். இருட்டும்வரை பிள்ளை தனியாக இருக்குமே என்ற பயம் வேறு.

அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1990களில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு என்று பட்டியல் நீளும். அவை கூடக்கூட, வளர்ந்தபின் இதயநோயும் மனச்சோர்வும் கூடுவதாகக் கண்டார்கள். அந்தப் பட்டியலில் வறுமை கிடையாது. எங்கள் மேஜைக்கு வரும் கதைகளில் அதுதான் முதலில் நிற்கிறது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதும் அதுதான்.

குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளை வீட்டிலேயே வளர, மத்திய அரசின் மிஷன் வத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. பணம் மட்டும் போதாது, சாயங்காலத்துக்கு ஆள் வேண்டும். ஒரு ஊரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த அக்காவே, வகுப்பு முடிந்தும் இரண்டு பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நான் பேசிய எந்த ஆலோசனையையும்விட அது அதிகம் உதவியது. "கெட்டிக்காரப் புள்ளை, தாங்கிக்கிச்சு" என்று ஊர் மெச்சும்போது எனக்குக் கோபம்தான் வரும். அதைத் தாங்கிப் பிடித்த ஆள் ஒருவர் இருக்கிறாரே!

இந்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, கணவர் இறந்திருந்தால் அதற்கு இறப்புச் சான்று போதும். விட்டுப் போயிருந்தால்தான் பாடு. கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்க விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று அலைய வேண்டும். விசாரணைக்கு வருபவர் தெருவில் நின்று, "உன் புருஷன் யாரோட இருக்கான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். விசாரிக்க வேண்டியதுதான், சரி. பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள் என்று மட்டும் நான் சொல்லி அனுப்புகிறேன். சிலர் கேட்கிறார்கள்.