தற்கொலைச் செய்தி மேசைக்கு வரும்போது

மாவட்ட நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தற்கொலைச் செய்தி பெரும்பாலும் நான்கைந்து வரிதான். பெயர், வயது, ஊர், தொழில், காரணம், இறந்த விதம், பிரேதப் பரிசோதனை நடந்த மருத்துவமனை, காவல் நிலையம். துணை ஆசிரியர் எழுத்துப்பிழை திருத்தித் தலைப்புப் போட ஐந்து நிமிடம் ஆகாது. செய்தி அறையில் இவ்வளவு சுலபமாகக் கைமாறுவதும், தவறாகப் போனால் இவ்வளவு கெடுதல் செய்வதும் வேறு எந்தச் செய்தியும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாளொன்றுக்கு ஐம்பதுக்கு மேல். எதைப் போடுவது, எதை விடுவது என்ற கேள்வி தமிழ்ப் பத்திரிகையில் ஒவ்வொரு ராத்திரியும் எழுகிறது.

எழுதும் விதத்தால் உயிர் போகுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வியன்னாவைப் பார்க்கலாம். அந்நகரின் சுரங்க ரயிலில் எண்பதுகளின் நடுவில் தற்கொலைகள் கூடின; பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் பெரிதாக எழுதின. 1987-ன் நடுவில் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் எழுத்து நெறிகளை வகுத்துத் தந்தது, பத்திரிகைகளும் கேட்டுக்கொண்டன. அந்த ஆண்டின் முற்பாதியோடு ஒப்பிட்டால், பிற்பாதியில் அங்கு நடந்த தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் ஊடகத்தாருக்கென வெளியிட்ட கையேடு இத்தகைய ஆய்வுகளின் மேல் எழுந்தது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் அதையொட்டி நெறிகளை அறிவித்தது: முக்கிய இடத்தில் போடாதே, திரும்பத் திரும்பப் போடாதே, இறந்த முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்பு வேண்டாம், படமும் காணொளியும் வேண்டாம்.

இவை செய்தியைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் அநேகமாக எல்லா டெஸ்க்குக்கும் தெரியும். ஆனாலும் மீறப்படுகின்றன. காரணம், நெறியை எல்லோரும் செய்தியின் உடலோடு பொருத்திப் பார்க்கிறார்கள். மீறல் நடப்பதோ செய்தியைச் சுற்றியுள்ள இடங்களில். உள்ளே முறையை நீக்கியிருப்பார்கள். இணையப் பிரிவில் வேறொருவர் எழுதிய மொபைல் அறிவிப்பில் அது இருக்கும். அல்லது படத் தொகுப்பிலிருந்து தானாக ஏறிய சிறுபடத்தில் இருக்கும். அதுவும் தப்பினால், ‘தொடர்புடைய செய்திகள்’ என்று கீழே வரிசையாக இன்னும் ஐந்து தற்கொலைகள் நிற்கும். மாலைப் பதிப்பின் சுவரொட்டி வாசகத்தை எழுதுகிறவர் முழுச் செய்தியைப் படித்திருக்கவே மாட்டார். ஆகவே பக்கப் பொறுப்பாளர் ஒருவரே தலைப்பு, படம், அறிவிப்பு, குறிச்சொல், சுவரொட்டி ஐந்தையும் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கூடுதலாக ஆவது பத்து நிமிடம்.

அதிகம் கவனிக்க வேண்டியது ‘காரணம்’. ‘வயிற்றுவலி தாங்காமல்’, ‘கடன் தொல்லையால்’, ‘தேர்வில் தோல்வியடைந்ததால்’, ‘செல்போன் வாங்கித் தராததால்’ என்ற ஒற்றைக் காரணத் தொடர்கள் தமிழ்ச் செய்தியில் அச்சு வார்த்தைகளாகிவிட்டன. இவை எங்கிருந்து வருகின்றன? சந்தேக மரணம் என்று பதியப்படும் முதல் தகவல் அறிக்கையிலிருந்து. அதிர்ச்சியில் இருக்கும் உறவினர், பிரச்சினை வளராமல் உடலை வாங்கிப் போனால் போதும் என்ற நிலையில் சொன்ன ஒரு வரி அது. மருத்துவமோ விசாரணையோ உறுதிசெய்த முடிவு அல்ல. அதை அப்படியே தலைப்பாக்கும்போது, அதே கடனில், அதே மதிப்பெண்ணில் இருக்கும் வாசகருக்கு, இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று பத்திரிகை காட்டிவிடுகிறது. ‘காவல் துறை விசாரிக்கிறது’ என்று நிறுத்திக்கொள்வது நிருபரின் சோம்பல் ஆகாது. அந்த நேரத்தில் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

சொல்லிலும் சிக்கல் உண்டு. ‘விபரீத முடிவு’, இலங்கைச் செய்திகளில் ‘தவறான முடிவு’ என்ற மங்கல வழக்குகள் நாகரிகமாகத் தோன்றலாம்; ஆனால் அவை இறந்தவர்மீது தீர்ப்புச் சொல்கின்றன. ‘தற்கொலை முயற்சியில் தோல்வி’ என்பது அதைவிட மோசம்: பிழைத்ததைத் தோல்வி என்கிறது. ‘தற்கொலையால் இறந்தார்’, ‘உயிர் பிழைத்தார்’ என்று எழுதினால் போதும்.

மூடி மறைப்பதும் சரியல்ல. நீட் தேர்வு, நுண்கடன் வசூல், கல்லூரிச் சாதிக் கொடுமை ஆகியவற்றோடு இணைந்த மரணங்கள் பொதுக் கேள்விகள். அங்கே முதல் பத்தியில் இருக்க வேண்டியது கேள்வி: வசூலிக்க வந்தவர்கள் எந்த விதியை மீறினார்கள், புகார் கொடுத்தும் யார் நடவடிக்கை எடுக்கவில்லை. கடைசிக் கடிதத்தின் படம் அதற்குத் தேவையில்லை. கோரிக்கை வென்றதற்கு அந்த மரணமே காரணம் என்று எழுதுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

உதவி எண் பெட்டி இப்போது பல பத்திரிகைகளில் வருகிறது, நல்லது. தமிழக அரசின் 104, மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் 14416, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050. ஆனால் பல வருடங்களுக்கு முன் வடிவமைத்த பெட்டி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். எண் மாறியது யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவு பதினொரு மணிக்கு மேல், டெஸ்க்கில் ஒருவர் அந்த எண்களை அழைத்துப் பார்க்க வேண்டும். ஆறு புள்ளி அளவுப் பொடி எழுத்தில் பக்கத்தின் அடியில் போட்டால் தேவைப்படுகிறவர் கண்ணில் படாது.

நெருக்கடியைக் கடந்து வந்தவர்களைப் பற்றிய செய்திகளோடு தற்கொலை குறைவதற்குத் தொடர்பு இருப்பதை 2010-ல் வியன்னா ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களுக்கான பக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. துணைத்தேர்வுக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது, ஒரு பாடத்தில் தவறி அதே ஆண்டில் கல்லூரி சேர்ந்தவர் என்ன செய்தார் என்ற அரைப்பக்கமும் முந்தைய வாரமே எழுதி, பக்கம் கட்டி வைக்கப்பட வேண்டும். முடிவு காலையில் வந்துவிடும். மதியத்துக்குள் அது இணையத்தில் ஏறியிருக்க வேண்டும்.