எஸ்ஜிபிடி நார்மல்தான், அப்புறம்?

அண்ணனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் கல்லீரல் என்சைம்கள் இரண்டு இருந்தன. எஸ்ஜிபிடி 36, வரம்புக்குள்தான். எஸ்ஜிஓடி 48, சரி, கொஞ்சம்தானே கூட என்று மடித்து வைத்துவிட்டோம். அடுத்த பக்கத்தில் பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணுக்கள், 1,12,000 என்று குறைந்திருந்ததை நாங்களும் பார்க்கவில்லை, பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தவரும் பார்க்கவில்லை.

ஒரு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அதே தாளை வாங்கி வயது, இந்த இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபைப்-4 என்று ஒரு கணக்குப் போட்டார். 58 வயதுக்கு 4.1 வந்தது. 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67ஐத் தாண்டினால் கல்லீரலில் தழும்பு கூடியிருக்கலாம், மேலே பார்த்தாக வேண்டும். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் எடுத்ததில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிவிட்டது.

எனக்கு அன்றுதான் புரிந்தது, எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல் அடிபடும்போது கசிகிற சரக்கு, அவ்வளவுதான். கல்லீரல் ஒழுங்காக வேலை பார்க்கிறதா என்று தெரிய அது தயாரிக்கும் புரதமான அல்புமின், அது வெளியேற்றும் மஞ்சள் நிறமியான பிலிருபின், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும். தழும்பேறிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் திணறும்போது அழுத்தம் பின்னால் ஏறி மண்ணீரல் வீங்குகிறது, அது பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அண்ணன் குடியை அன்றே நிறுத்தினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய் வந்திருக்கிறதா என்று ஸ்கேன், உணவுக்குழாயின் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கிறதா என்று அவ்வப்போது எண்டோஸ்கோபி, இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது தூக்கம். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார், நாங்கள் மனச்சோர்வு என்று நினைத்தோம். குடலில் உருவாகும் அம்மோனியாவைக் கல்லீரல் வடிகட்டாததால் மூளை மந்தமாவதாம். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து கொடுத்தார்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும் அளவுக்கு. பேதியாகிவிட்டால் உடம்பில் நீர் வற்றி அதே குழப்பம் திரும்பும் என்பதால் அண்ணி ஒரு நோட்டில் கணக்கு வைத்திருக்கிறார், அண்ணனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

புரதத்தைக் குறைக்கச் சொல்லி உறவினர்கள் தொந்தரவு செய்தார்கள். மருத்துவர் நேர்மாறாக, கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும், இல்லாவிட்டால் தசை கரையும், படுக்கும் முன்னும் ஏதாவது சாப்பிடுங்கள் என்றார். உப்பில்தான் கறார், வயிற்றில் நீர் கோத்ததிலிருந்து.

இன்னொன்று, மூட்டுவலிக்கு அவர் பாராசிட்டமாலுக்குப் பயந்து ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தைக் கெடுப்பதும் ரத்தக்கசிவைக் கொண்டுவருவதும் ஐபுப்ரோஃபென்தான். இப்போது பாராசிட்டமால், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகாமல், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.