தட்டுக்கு முன்னால் தூக்கிய கால்

ரோபோக்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுக்குச் சலங்கை கட்டுவீங்களா?" இயந்திர மனிதன் என்று தமிழில் எழுதிப் பழக்கிவிட்டோம், கையும் காலும் இருந்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் 24 ரோபோக்களுக்கும் கை கால் கிடையாது. சரியாகச் சொன்னால் உடம்பே கிடையாது, வெபோட்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடும் உருவங்கள். சுவிட்சர்லாந்தில் மாணவர்களுக்காக உருவாக்கிய இ-பக் என்ற சின்ன ரோபோவின் பிரதிகள் அவை. சுமார் 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டு, அடியில் இரண்டு சக்கரம், மேலே சுற்றிலும் 8 சிவப்பு விளக்கு. முன்னால் போகும், பின்னால் வரும், நின்ற இடத்தில் சுழலும். பக்கவாட்டில் மட்டும் நகரவே நகராது.

வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் வாய்தான். சின்ன வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுப் பாதியில் விட்டவன் என்று சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கம் ஒரு காப்பிக்கடையில், ஆபீஸ் ஆட்களோடு மதியச் சாப்பாட்டின்போது சொல்லித் தொலைத்தேன். ஆபீஸின் பார்வையாளர் நாளுக்கு ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்ற பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒலியின் சக்தி சட்டென்று எகிறும் இடத்தைத் தாளமென்று கண்டுபிடித்து, கண்டுபிடித்த கணத்தில் 24 ரோபோவுக்கும் ஒரே கட்டளை. பார்ப்பதற்குத் தேசிய தின அணிவகுப்பின் ஒத்திகை மாதிரி இருந்தது. மேலாளருக்குப் பிடித்துப்போனது. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் எல்லாம் கொஞ்சம் பிந்தியே வந்தது. கணக்கிடும் நேரத்தைக் குறைத்தேன், கட்டளை போகும் வழியைச் சுருக்கினேன், ஒரு வாரம் இதிலேயே போனது. அப்புறமும் பிந்தியது.

சனிக்கிழமைகளில் அக்கா மகளைச் சிராங்கூன் சாலை அருகே நடன வகுப்பிலிருந்து கூட்டிவருவது என் பொறுப்பு. அங்கே டீச்சரிடம் கைப்பேசியில் காட்டினேன். அரை நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"தம்பி, தட்டு விழுந்த பிறகு காலைத் தூக்கினா எப்படி? தட்டு விழும்போது கால் தரையில இருக்கணும்ல."

பரதத்தில் முதலில் கற்கும் தட்டடவு ஆடும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லை. தாளத்தில் அசைவு முடிய வேண்டும், நான் அதில் தொடங்கிக்கொண்டிருந்தேன். ஒலியைக் கேட்டுவிட்டு நகரும் எதுவும், எவ்வளவு வேகமாக இருந்தாலும், பிந்தித்தான் தெரியும். நேரடியாகக் கேட்டு ஆடும் திட்டத்தைக் கைவிட்டு, பாட்டின் பதிவு முழுவதிலும் தட்டு விழும் இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்தேன்.

சரி, முன்கூட்டியே நகர்த்தலாம், ஆனால் எவ்வளவு தூரம்? இ-பக்கின் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 13 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு முக்கால் வினாடி, பத்து சென்டிமீட்டர்கூடத் தேறாது. தன் உடம்பு அகலத்துக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்து ஒரு ரோபோ என்ன பாவம் காட்டிவிடும்? ஆனால் ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு 6 வினாடி, முக்கால் மீட்டர் போகலாம். அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் இடம் மாற்றுவதை நிறுத்தினேன். உள்ளே வரும் தட்டுகளுக்கு நின்ற இடத்தில் சுழலும், விளக்கு மாறும், அவ்வளவுதான். கோலம் மாறுவது மெதுவாக நடக்கும், தாளச் சுற்று தொடங்கும் தட்டான சமத்தில் வந்து கூடும்.

ஆலாபனைதான் உயிரை எடுத்தது. அதில் தட்டே இல்லை, என் நிரல் வாய்க்கு வந்ததை உளறியது. அங்கே 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் பறவைக் கூட்டத்துக்காக எழுதிய மூன்று விதிகளுக்குப் போனேன்: பக்கத்தில் இருப்பதை இடிக்காதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. சுரம் மேலே ஏற ஏற மூன்றாவது விதியைத் தளர்த்தினால் கூட்டம் விரிகிறது, இறங்கும்போது இறுக்கினால் ஒன்றுசேர்கிறது. சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் மட்டும் வரவில்லை. ஒரு ரோபோவை அசைத்துப் பார்த்தால் பழுதான மாதிரி இருந்தது. ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் புளோக் கீழே மரத்தில் அடையும் மைனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், திரும்பும் அசைவு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போவது கண்ணில் பட்டது. ஒவ்வொரு ரோபோவும் பக்கத்து ரோபோ செய்ததை 0.18 வினாடி கழித்துச் செய்யட்டும் என்று எழுதினேன். ஒரு கோடியில் தொடங்கிய திரும்பல் மறுகோடி சேர நாலு வினாடிக்குமேல் ஆனது. இழுத்துப் பிடித்த ஒரு சுரம் மாதிரியே இருந்தது. அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒத்திகையில் மானம் போன கதையும் உண்டு. 24 ரோபோவின் கேமராவையும் அணைக்க மறந்துவிட்டேன். மடிக்கணினி திணறி, உள்ளே ஓடும் நேரம் நிஜ நேரத்தில் பாதியளவுக்குக் குறைந்துபோனது. பாட்டோ வெளி உலகத்தின் கடிகாரத்தில் ஓடியது. முத்தாய்ப்பாக வரும் தீர்மானம் என்ற தாளக்கோவை முடிந்து பாட்டு நின்ற பிறகும் ரோபோக்கள் நிசப்தத்தில் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன, யாரோ பணிவாகக் கைதட்டினார்கள். அதன்பிறகு காட்சியைத் தனியாகப் பதிவுசெய்து ஒலியைப் பின்னால் சேர்த்தேன்.

கடைசியாக, எல்லாமே அச்சு அசலாக ஒன்றுபோல் ஆடுவது பிடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் மிகச் சின்னத் தாமதத்தைக் கோப்பில் தனித்தனியாக எழுதிவைத்தேன். இது பிழையா என்று மேலாளர் இரண்டு முறை கேட்டார். டீச்சர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, காணொளியை நிறுத்தி ஓர் ஓரத்தில் விரலை வைத்தார்.

"மூணாவது வரிசையில கடைசியா நிக்கிறது யாரு? எப்பவும் முந்திக்குதே."

போய்ப் பார்த்தேன். 18-ஆம் எண். அதற்கு எழுதிய தாமதத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்திருந்தது.